கண்டிக்குக் கிழக்கே: இடம்பெயர்ந்த வேடர்களும் அவர்களைத் தேடி வந்த உதவிகளும்

கண்டியிலிருந்து கிழக்கே ஹுன்னஸ்கிரிய வழியாகச் செல்லும் வீதி, பேர்பெற்ற பதினெட்டு வளைவுகளில் மலையை விட்டு இறங்கி மகியங்கனைச் சமவெளியை அடைகிறது. தூரம் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். கண்டி இராச்சிய காலத்தில் விந்தனை என்று வழங்கிய இந்தப் பகுதியும் அதற்கு அப்பாலுள்ள காடுகளும் இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்களின் வாழிடம். இன்று அவர்களின் முதன்மையான ஊராக அறியப்படும் தம்பானை, மகியங்கனையைத் தாண்டி மாதுறு ஓயாக் காட்டின் விளிம்பில் இருக்கிறது. கண்டிப் பக்கமிருந்து அங்கே செல்லும் வாகனங்களில் பல, அரிசி மூட்டைகளையும் துணிப் பொதிகளையும் பாடசாலைக் கொப்பிகளையும் ஏற்றிச் செல்கின்றன. கொடுப்பவர்களின் மனம் நல்லது. ஆனால் வேடர்கள் எதை இழந்தார்கள், எப்படி இழந்தார்கள், இதற்கு முன் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை என்னவாயின என்பவற்றை அறியாமல் கொடுத்தால் அந்த நல்ல மனம் பாதி வழியிலேயே நின்றுவிடும். இந்தக் கேள்விகளுக்கு இரண்டு நூற்றாண்டு வரலாறு விடை வைத்திருக்கிறது.

கண்டி மன்னரின் குடிகள்

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் வேடர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அம்பு முனை தேவைப்படும் வேடர் இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து, இறைச்சிச் சுமையொன்றைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் அருகே வைத்துவிட்டுப் போவார். கொல்லன் அதே அளவில் அம்பு முனை செய்து வைத்தால் மறுபடியும் இறைச்சி வரும். செய்யாமல் விட்டால் இரவில் அம்பு பாயும் என்ற அச்சமும் கொல்லனுக்கு இருந்தது. இருவரும் நேரில் பேசிக்கொள்ளாவிட்டாலும் கணக்குத் தவறுவதில்லை. பொருளுக்குப் பொருள் என்ற நேர்மையான கொடுக்கல் வாங்கலே இது. இதில் இரப்பவர் எவரும் இல்லை.

அரசுடன் இருந்த உறவும் இத்தகையதே. குடியிருப்புகளை அடுத்து வாழ்ந்த வேடர்கள் தேன், மெழுகு, மான் இறைச்சி, யானைத் தந்தம் ஆகியவற்றை அரச அதிகாரிகளிடம் திறையாகச் செலுத்தினர். போர் வந்தபோது வில்லேந்தி மன்னர் பக்கம் நின்றனர். அந்த உறவின் அடையாளம் இன்றும் கண்டி நகரில் காணக்கூடியது: எசலப் பெருவிழாக் காலத்தையொட்டி வேடர் தலைவரும் அவரது மக்களும் காட்டுத் தேனைக் கொண்டுவந்து தலதா மாளிகையில் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். மற்ற நாட்களில் நன்கொடை பெறுபவர்களாகவே பார்க்கப்படும் இம்மக்கள், அன்று கண்டிக்குக் கொடுப்பவர்களாக வருகிறார்கள்.

காட்டுக்குள் இருந்த சொத்துரிமை

வேடர்கள் எல்லையின்றி அலைந்து திரிந்தவர்கள் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. 1907–08 காலத்தில் கள ஆய்வு செய்து 1911இல் நூல் வெளியிட்ட சார்ள்ஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் தம்பதியர், ஒவ்வொரு குழுவுக்கும் வரையறுத்த வேட்டை நிலமும் குகைகளும் இருந்ததைப் பதிவுசெய்துள்ளனர். பிறருடைய எல்லைக்குள் அனுமதியின்றி வேட்டையாடுவது பெருங்குற்றம். மொரான, உனாப்பான, ஊரு, நமுதன போன்ற வரிகைகள், அதாவது குலங்கள், மணவுறவையும் வழிபாட்டையும் ஒழுங்கு செய்தன.

மலைத்தேன் எடுக்கும் பாறைகளுக்குத் தனியுரிமை இருந்தது. செங்குத்துப் பாறையின் இடுக்கில் கூடு கட்டும் பெருந்தேனீயின் தேனை எடுக்க, பாறை உச்சியிலிருந்து கொடியால் முறுக்கிய ஏணியைத் தொங்கவிடுவார்கள். ஒருவர் அதில் இறங்கிப் புகை காட்டித் தேனீக்களை விலக்குவார். நீண்ட மரக்கருவியால் அடையை அறுத்து, மான் தோலால் செய்த கொள்கலத்தில் சேர்ப்பார். மேலே ஏணியைக் காப்பவர் நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும், ஏனெனில் கீழே தொங்குபவரின் உயிர் அவர் கையில். இத்தகைய பாறைகளும் நிலங்களும் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, மகளை மணந்த மருமகனுக்கும் கையளிக்கப்பட்டன. எழுத்தில் எதுவும் இல்லை. ஆனால் எந்தப் பாறை யாருடையது என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. எழுத்தில்லாத இந்த உரிமையே பின்னர் அவர்களின் பெரும் பலவீனமாக மாறியது.

முதல் இழப்பு: 1818, 1840

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1817இல், ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சி வேடர் வாழ்ந்த காடுகளை அண்டியே மூண்டது. பதுளையின் உதவி வதிவிட அதிகாரி சில்வெஸ்டர் வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். 1818 நவம்பரில் கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொல கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டதோடு கிளர்ச்சி அடங்கியது. ஆனால் அதை ஒடுக்கிய படைகள் ஊர்களை எரித்தன, கால்நடைகளைக் கொன்றன, பயிர்களை அழித்தன. சூழ்ந்திருந்த ஊர்கள் அழிந்தபோது, அவற்றோடு பண்டமாற்றுச் செய்து வாழ்ந்த வேடர்களின் பொருளாதாரமும் குலைந்தது.

அடுத்த அடி சட்டத்தின் வடிவில் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளும் தரிசு நிலங்களும் அரசுக்கே உரியவை என்று கொண்டது. கண்டி மாகாணங்களில் சில ஆண்டுகள் இடைவெளிவிட்டுப் பயிரிடும் சேனை நிலங்களுக்கும், மன்னர் காணி வழங்கியதற்கான சன்னசுப் பத்திரமோ வரி கட்டிய சான்றோ இல்லாவிட்டால், இதே நிலைதான். கண்டியைச் சூழ்ந்த மலைகளில் கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேடிய காலம் அது. தோட்டங்கள் வேடர் காடுவரை இறங்கவில்லை. ஆனால் சட்டம் இறங்கியது. சன்னசு என்றால் என்னவென்றே அறியாத மக்கள், தலைமுறைகளாகத் தாங்கள் ஆண்ட காட்டில் ஒரே கையெழுத்தில் உரிமையற்றவர்கள் ஆனார்கள்.

முதல் உதவித் திட்டமும் வற்றிய கிணறுகளும்

வேடர்களுக்கான முதல் பெரிய உதவித் திட்டமும் அதே காலத்தது. ஆளுநர் ஸ்டுவர்ட் மக்கென்ஸியின் ஆட்சியில், 1838ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிழக்குப் பகுதி வேடர்களை ஊர்களில் குடியமர்த்தும் முயற்சி தொடங்கியது. மட்டக்களப்பின் வெஸ்லியன் மிஷனரிமார் அதில் பங்கேற்றனர். பின்னாளில் இலங்கையைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இதன் விளைவை விவரித்துள்ளார். குடிசைகள் கட்டப்பட்டன, நெல் வயல் ஒதுக்கப்பட்டது, கிணறுகள் தோண்டப்பட்டன, தென்னை நடப்பட்டது. ஓரிடத்தில் கிணறுகள் வற்றின, தோட்டம் அழிந்தது, ஐந்தாறு குடும்பங்கள் தவிர மற்றோர் காட்டுக்கே திரும்பினர். தண்ணீர் நின்ற வேறோர் இடத்தில் மக்களும் நின்றனர்.

வேடர்கள் மாற விரும்பாதவர்கள், கொடுத்ததைக் காக்கத் தெரியாதவர்கள் என்ற பேச்சு அக்காலத்திலேயே எழுந்துவிட்டது. ஆனால் கிணறு நீர் தந்த இடத்தில் தங்கினார்கள், வற்றிய இடத்தில் போய்விட்டார்கள் என்பதைத்தான் டெனன்டின் விவரம் காட்டுகிறது. அறிவுள்ள எந்த உழவரும் இதையேதான் செய்வார். திட்டத்தின் குறையைப் பெறுபவரின் குணமாக எழுதிவைக்கும் வழக்கம் அன்று தொடங்கியது. இன்னும் முற்றாக நீங்கவில்லை.

காட்சிப்பொருளும் மருத்துவரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேடர்கள் ஐரோப்பிய ஆய்வாளர்களுக்கும் பயணிகளுக்கும் பெரும் ஈர்ப்பானார்கள். மண்டையோடு அளக்க வந்தவர்களும் படம்பிடிக்க வந்தவர்களும் வெற்றிலை, புகையிலை, துணி, காசு என்று கொடுத்துப் போனார்கள். தானிகல மலை வேடர்கள் பயணிகளுக்காக வரவழைக்கப்படுவதையும், பழமையான தோற்றத்தில் நின்று காட்டுவது அவர்களுக்கு ஒரு தொழிலாகவே ஆகத் தொடங்கியதையும் செலிக்மன் தம்பதியர் கண்டனர். கொடுப்பவர் எதைப் பார்க்க விரும்புகிறாரோ அதையே பெறுபவர் காட்ட வேண்டிவந்த நிலை அங்கிருந்தே தொடங்குகிறது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு, கொழும்பின் அறுவை மருத்துவர் ஆர். எல். ஸ்பிற்றல். 1881இல் தங்காலையில் பிறந்த பறங்கியரான இவர் பல பதிற்றாண்டுகளாக வேடர் காடுகளுக்கு மீண்டும் மீண்டும் சென்றார். அங்கே மக்களை வாட்டிய பறங்கிப் புண்ணுக்கு மருத்துவம் செய்தார். அவர்களின் வாழ்வை எழுதினார். அவர்களுக்காக அரசிடம் வாதாடினார். அவர் எழுத்தில், மறைந்துபோகும் இனம் என்ற இரக்கப் பார்வை கூடுதலாகவே உண்டு. ஆயினும் அவர் கொடுத்தது அம்மக்கள் உண்மையில் அனுபவித்த நோய்க்கு மருந்து. ஆண்டுகள் கடந்தும் திரும்பிவந்ததால் நம்பிக்கையும் வளர்ந்தது.

இதற்கிடையே கணக்கெடுப்பில் வேடர் எண்ணிக்கை சரிந்தது. 1911இல் 5,332 ஆக இருந்தது, 1946இல் 2,361 ஆகவும் 1963இல் 400 ஆகவும் பதிவாயிற்று. இவர்கள் எல்லோரும் மடிந்துவிடவில்லை. மணவுறவாலும் ஊர்ப் பெயர்களாலும் சிங்களவராகவோ தமிழராகவோ பதியப்பட்டவர்களே மிகுதி. ஆனால் ஏட்டில் இல்லாத மக்களுக்குத் திட்டத்திலும் இடம் கிடைப்பதில்லை.

அணைகளின் காலம்

சுதந்திரத்துக்குப் பின் வந்த இடப்பெயர்வுகள் முன்னையவற்றைவிடப் பெரியவை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியது. வேடர்களின் பழைய நிலங்களில் ஒரு பகுதி நீரில் மூழ்கியது. 1954இல் அதைச் சூழ்ந்த காடு தேசிய பூங்காவானது.

1977க்குப் பின் துரித மகாவலி அபிவிருத்தித் திட்டம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கென வகுத்ததை ஆறே ஆண்டுகளில் முடிக்க முனைந்த திட்டம் அது. பிரிட்டனின் உதவியில் விக்டோரியா, கனடாவின் உதவியில் மாதுறு ஓயா, மேற்கு ஜேர்மனியின் உதவியில் ரந்தெனிகல என அணைகள் எழுந்தன. கண்டிக்கு அருகே பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. வீடும் வயலும் இழந்த மலைநாட்டு மக்களில் பலர் கீழ்நாட்டில் மகாவலித் திட்டத்தின் ‘சி’ வலயத்தில், கிராந்துருகோட்டை போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட பூமியில் ஒரு பகுதி வேடர்களின் வேட்டைக்காடு. கண்டிப் பக்கத்து இடப்பெயர்வு இப்படி விந்தனையில் இன்னோர் இடப்பெயர்வைத் தள்ளிவிட்டது. தெல்தெனிய மக்களின் துயரம் சிறியதல்ல. ஆனால் அவர்களில் காணி உறுதி வைத்திருந்தவர்களால் நட்டஈடு கேட்க முடிந்தது. வேடர்களிடம் காட்டுவதற்கு எந்தக் காகிதமும் இருக்கவில்லை.

1983 நவம்பர் 9ஆம் திகதி மாதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 58,850 ஹெக்டெயர். நீரேந்து பகுதிகளைக் காப்பதும், மகாவலி நிலச்சீரமைப்பால் துரத்தப்பட்ட யானை முதலான விலங்குகளுக்குப் புகலிடம் தருவதும் அதன் நோக்கம். விலங்குகளுக்குப் புகலிடமான அதே காட்டிலிருந்து மனிதர் வெளியேற வேண்டியிருந்தது. அன்றுவரை வாழ்க்கையாக இருந்த வேட்டையும் தேனெடுப்பும் அன்றிலிருந்து குற்றமாயின. காட்டுக்குள் போனவர்கள் கைதாகினர்.

ஹெனானிகலவும் தம்பானையும்

வெளியேறிய குடும்பங்களுக்கு மகாவலிக் குடியேற்றமான ஹெனானிகலவில் இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டு நிலமும் கொடுக்கப்பட்டன. மற்றக் குடியேற்றவாசிகளுக்குக் கிடைத்ததும் இதே அளவுதான். ஏட்டில் இது சமநீதி. ஆனால் தலைமுறைகளாக வயல் செய்த ஒருவருக்கு இரண்டரை ஏக்கர் ஒரு வாழ்க்கை. சேனையும் தேனும் வேட்டையும் கலந்து வாழ்ந்தவருக்கு அதே நிலம், விதைநெல், உரம், உழவு இயந்திர வாடகை, வாய்க்கால் முறை, வங்கிக் கடன் என்று அறிமுகமில்லாத செலவுகளின் தொடக்கம். அறுவடை பிழைத்தால் கடன். கடன் முற்றினால் காணி பிறர் கையில் குத்தகைக்குப் போகும். காணிக்காரர் அதே வயலில் கூலிக்குப் போவார்.

காணி கிடைத்ததும் முழு உரிமையாக அல்ல, அனுமதிப்பத்திரமாக. அதைத் துண்டாடக் கூடாது. அன்றைய விதிப்படி பின்னுரித்தாளியாக ஒருவரையே பெயரிட வேண்டியிருந்தது. பல பிள்ளைகள் இருந்தால் மற்றவர்கள் காணியற்றவர்கள் ஆனார்கள். மருமகனுக்குத் தேன்பாறை கொடுத்த சமூகத்தில், மகளின் பங்கு காகிதத்தில் இல்லாமல் போயிற்று. காட்டு உணவு நின்று கடைச் சாமான் வந்தபின் நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நோய்களும் மதுப்பழக்கமும் வேடர் ஊர்களில் பெருகியதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

தலைவர் ஊருவரிகே திசாஹாமி வெளியேற மறுத்தார். சில குடும்பங்களுடன் தம்பானையின் கோட்டபக்கினியவிலேயே தங்கிவிட்டார். அந்த மறுப்பால்தான் வேடர் பிரச்சினை நாட்டின் காதில் விழுந்தது. 1990இல் அமைச்சரவை, வேடர்களின் வாழ்வுக்கென 1,500 ஏக்கரை ஒதுக்க முடிவுசெய்தது. இழந்த காட்டோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறு துண்டு. 1996இல் அவருடைய மகன் ஊருவரிகே வன்னிலா அத்தோ, ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் ஆதிக்குடிகள் பற்றிய செயற்குழுவில் தம் மக்களுக்காகப் பேசினார். 1998இல் திசாஹாமி மறைந்தபின் அவரே தலைவரானார்.

கிழக்குக் கரையின் தமிழ் வேடர்கள்

வேடர் என்றதும் தம்பானையும் தோளில் கோடரியும் மட்டுமே நினைவுக்கு வருவதால் மறக்கப்பட்டவர்கள் கரையோர வேடர்கள். வாகரை, மாங்கேணி, பனிச்சங்கேணி, மூதூர்ப் பக்கங்களில் தமிழ் பேசி, மீன்பிடித்தும் சேனை செய்தும் வாழ்பவர்கள். 2004 ஆழிப்பேரலையும் 2006–07 போரும் இவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. நிவாரணம் வந்தபோது பட்டியல்களில் இவர்கள் வெறுமனே தமிழ் மீனவர்கள், கூலித் தொழிலாளர்கள். காட்டோடும் களப்போடும் இவர்களுக்கிருந்த வழமையுரிமை எந்தப் படிவத்திலும் கேட்கப்படவில்லை. தோற்றத்தால் அடையாளம் காணப்பட்டவர்களுக்குக் கண்காட்சியும், அடையாளம் காணப்படாதவர்களுக்கு மறதியும் கிடைத்தன.

கொடுப்பவர் அறிய வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து சில செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, பட்டினி காலத்து உதவிக்கும் நெடுங்கால உதவிக்கும் உள்ள வேறுபாடு. வெள்ளம், வறட்சி, கொள்ளைநோய் வந்தால் உலருணவுப் பொதி உயிர் காக்கும். அதைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். ஆனால் பொதிகளே ஆண்டுதோறும் தொடர்ந்தால், கடன், நீர், காணி என்ற மூலக் கேள்விகள் அப்படியே கிடக்கும்.

இரண்டாவது, யாரிடம் கொடுப்பது என்பது. வீதியோரத்தில் முதலில் கண்ணில் படுபவருக்குப் பணம் கொடுத்தால் குடும்பங்களுக்கிடையே மனக்கசப்பு வளர்கிறது. தொலைவிலுள்ள ரத்துகல, பொல்லேபெத்த போன்ற ஊர்கள் விடுபட்டுப் போகலாம். ஊர் கூடி முடிவெடுக்கும் முறை வேடர்களிடம் உண்டு. தலைவரையும் பெண்களையும் இளைஞரையும் கேட்டு, எது வேண்டும், எது வேண்டாம் என்று அறிந்தபின் கொடுப்பதே முறை. மதுப் போத்தலைப் பரிசாகக் கொண்டுபோவது உதவியே அல்ல, தீங்கு.

மூன்றாவது, கைம்மாறாகக் காட்சி கேட்கக் கூடாது. பொதி கொடுக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுப்பதும், கோவணத்துடன் நிற்கச் சொல்வதும் தானிகலவில் நூறாண்டுக்கு முன் நடந்ததன் தொடர்ச்சி. தேனுக்கும் கைவினைக்கும் உரிய விலை கொடுத்து வாங்குவது, நொக்ஸ் கண்ட கொல்லன் பட்டறையின் கணக்கைப் போல, இரு தரப்பின் மதிப்பையும் காக்கும்.

நான்காவது, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நிலமும் காடும். சர்வதேசத் தொழில் அமைப்பின் ஆதிக்குடிகள் பற்றிய 107ஆம், 169ஆம் இலக்கச் சமவாயங்களை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. 2007இல் ஆதிக்குடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. ஆயினும் வேடர்களின் வழமையான காட்டுரிமை நாட்டின் சட்டத்தில் இன்னும் உறுதியான இடம் பெறவில்லை. 2020இல் பொல்லேபெத்த–ரம்பக்கன் ஓயாக் காடு சோளச் செய்கைக்காக அழிக்கப்படுவதற்கு எதிராக வன்னிலா அத்தோ, சுற்றாடல் நீதி நிலையத்துடன் இணைந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார். காடு தமக்குச் சொத்து என்பதற்காக மட்டுமல்ல, தேனும் மருந்தும் மூதாதையர் ஆவிகளான நே யக்குக்களின் வழிபாடும் அங்கே இருப்பதற்காகவும் அவர்கள் போராடுகிறார்கள்.

ஆகவே கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் உதவ முன்வருவோர், அரிசியோடு இன்னும் சிலவற்றையும் தம் பட்டியலில் சேர்க்கலாம்: காணி அனுமதிப்பத்திரச் சிக்கல்களில் சட்ட உதவி, இளைஞருக்கு மேற்படிப்பு, அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போக்குவரத்து, தேன் சேகரிப்புக்கு முறையான அனுமதி கோரும் முயற்சிக்குத் துணை, கரையோர வேடர்களின் உரிமைகளைப் பதிவுசெய்யும் பணி. இவை புகைப்படத்தில் அழகாகத் தெரியாதவை. பலன் காண ஆண்டுகள் பிடிப்பவை. ஆனால் 1840 முதல் 1983 வரை பறிக்கப்பட்டவை உரிமைகள். உரிமை திரும்புவதற்கு உழைக்கும் உதவியே அந்த இழப்பைத் தொடும்.